சீனிமாவுக் கதவு

சுகந்தபாய் மைனியின் தேன்பெட்டியிலிருந்த ராணித்தேனீயைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிய வெள்ளிக்கிழமையிலிருந்து விஜிலாவின் உடம்பில் அவளுக்கென்று இருந்த வாசம் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு இடியில்லை, மின்னலில்லை, அயனி மரத்திலிருந்து ஓர் இலைகூடக் கூடுதலாக விழவில்லை. வழக்கம்போல மூன்றரை மணிக்கு மீன்காரி கூவிக்கொண்டு போனாள். வழக்கம்போல விஜிலா ஈக்களுக்குப் புகைபோடுகிற புகைப்பானை அணைத்து வைத்து, முகவலையைக் கழற்றி ஆணியில் மாட்டி, "எனக்க பொன்னே" என்று கையை நீட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். அப்போது அவளுடைய இரண்டரை வயது மகள் ஆன்சி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, மூக்கைச் சுருக்கி ஒருமுறை மோந்து, சுகந்தபாயின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "மாமி, யாரோ ஒரு ஆளு வந்திருக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். விஜிலாவும் சிரித்தாள், அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு குளித்துவிட்டு வந்து கையை நீட்டினாள், பிள்ளை அழுதது. உடுப்பு மாற்றிவிட்டு வந்து நீட்டினாள், பிள்ளை வீறிட்டது. இருட்டுவதற்குள் ஆனைக்கல்விளை ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று, ராணி மாத்துற பிள்ளையை அவள் பெற்ற பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை என்று.

ராணி மாத்துற பிள்ளை என்றுதான் அவளுக்குப் பெயர். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர்க் காட்டுக்குள் ஒளிந்துகிடக்கும் ஒன்பது ஊர்களிலும், ஐப்பசி மழை விட்டதும், கிழடு தட்டிய ராணிகளை எடுத்துவிட்டுப் புது ராணிகளை வைப்பது அவள் வேலை. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற மாசத்தில் தேன் கொட்டும், அதற்குள் பெட்டி நிறைய ஈ பெருக வேண்டும், ஈ பெருக வேண்டுமென்றால் முட்டை வைக்கிற ராணி இளசாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் தேனடை கட்டியிருக்கும் சட்டத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும், ஆயிரம் ஈக்கு நடுவில் ராணி எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பழைய ராணியை விரலால் நசுக்கிவிட்டு, பெட்டியை ஒரு நாள் அப்படியே விடுவாள். ராணியில்லாத பெட்டி அன்றைக்கு முழுக்க அழுவதுபோல இரையும். மறுநாள் புது ராணியைத் தீப்பெட்டி அளவு கம்பிக்கூண்டில் அடைத்து, கூண்டின் வாசலைச் சீனிப்பொடியும் தேனும் பிசைந்த மாவால் மூடி, இரண்டு சட்டத்துக்கு நடுவே தொங்கவிடுவாள். உள்ளே இருப்பவளின் வாசம் இவர்களுக்குப் பழகுவதற்கும், இவர்கள் அந்த இனிப்பை அரித்துத் தின்று தீர்ப்பதற்கும் மூன்று நாள் சரியாக இருக்கும். தின்று தீர்க்கும்போது கதவு திறந்திருக்கும், வாசம் படிந்திருக்கும், ராணி நடந்து வெளியே வருவாள், ஒருத்தரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். கூண்டில்லாமல் நேரே விட்டால் ஆயிரம் ஈயும் அவளைப் பந்துபோலச் சுற்றிப் பிடித்து, உடம்பைச் சூடேற்றி வேகவைத்துக் கொன்றுவிடும்.

நசுக்கி முடித்ததும் பெட்டியில் குனிந்து, "அவ தானாத்தான் போனா, நான் ஒண்ணும் செய்யல்ல, கேட்டியளா" என்று சொல்வது அவள் வழக்கம். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். "பிள்ளே, எனக்க வீட்டு ராணியையும் ஒண்ணு மாத்தித் தா" என்று ஆம்பிளைகள் கேட்பார்கள், "மாத்துவா, அதுக்கு முந்தி பெட்டி நல்லா இருக்கான்னு பாப்பா, ஓட்டப் பெட்டியில எவ வந்து இருப்பா" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும், விஜிலா முகவலைக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இப்படி ஒன்பது ஊர் சுற்றுகிறவளுக்குப் பிள்ளையைப் பார்க்க நேரம் ஏது. பார்த்தது சுகந்தபாய்தான். விஜிலாவின் கணவன் ஜஸ்டஸுக்கு மூத்த அக்கா அவள். விஜிலாவுக்கு மைனி, ஆன்சிக்கு மாமி. கட்டிக்கொடுத்த நாலாம் வருசம் கெட்டினவன் காய்ச்சலில் போய்விட, ஒரு துணிப்பையோடும் ஒரு தேன்பெட்டியோடும் தம்பி வீட்டுக்கு வந்தவள். இருபது வருசமாகியும் அந்தப் பை அவள் கட்டிலுக்கு மேலே ஆணியில் அப்படியே தொங்கியது, பெட்டி முற்றத்து அயனி மரத்தடியில், மூட்டோடு சேர்ந்து இருந்தது. சாயங்காலம் ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஈக்கள் இருவர் மேலும் நடந்து திரியும், கொட்டாது. பிள்ளைக்கு அந்தப் பெட்டியிலிருந்து வரும் மெழுகும் தேனும் கலந்த சூடான காற்றுதான் தாலாட்டு.

புரட்டாசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் கண் திறந்தபோது, தலைமாட்டில் விஜிலாவும் இருந்தாள், கால்மாட்டில் சுகந்தபாயும் இருந்தாள், பிள்ளை விஜிலாவைத் தாண்டிக் கையை நீட்டி, சுகந்தபாயைப் பார்த்து, "அம்மா" என்றது.

சுகந்தபாய் அவசரமாக, "மாமியாக்கும் மக்களே, மாமி" என்றாள். விஜிலா கஞ்சி வைக்க எழுந்து போனாள். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்ததை அவள் பார்க்கவில்லை.

மழை விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தன் வீட்டுப் பெட்டிகளைப் பார்க்கிற முறை வந்தபோது, அயனி மரத்து மூட்டுப் பெட்டியை அவள் திறந்தாள். ராணி முதல் சட்டத்திலேயே இருந்தாள். மினுங்குகிற வயிறும் கிழியாத சிறகுமாக, பெட்டியே சித்திரையில் வளர்த்தெடுத்துக்கொண்ட ஆறு மாசத்து ராணி. சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு அறைகூட விடாமல், சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி முட்டை வைத்திருந்தாள். ஒன்பது ஊரிலும் இப்படி ஒரு ராணியை விஜிலா பார்த்ததில்லை.

"என்ன மக்களே, எப்படி இருக்கா?" என்றாள் சுகந்தபாய். புகைப்பானை அமுக்கிப் புகைபோட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றது அவள்தான்.

"வயசாயிட்டு மைனி" என்றாள் விஜிலா. அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"முட்டை நெறைய கெடக்கே?"

"கெடக்கும். குஞ்சு நிக்காது."

சுகந்தபாய் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ சொன்னா சரிதான். உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு, பார்க்க மனசில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புகைபோடுகிற கை மட்டும் நிற்கவில்லை.

விஜிலா நசுக்கினாள். முருங்கைப்பூவை மிதித்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆயிரம் தடவை கேட்ட சத்தம். குனிந்து, "அவ தானாத்தான் போனா" என்று தொடங்கினாள், மிச்சம் வரவில்லை. விரலைப் பலா இலையில் துடைத்தாள், இன்னொரு இலையில் துடைத்தாள், மண்ணில் தேய்த்தாள். பிறகு பெருவிரலை மற்ற நாலு விரலுக்குள்ளும் மடக்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கையை அவள் திறக்கவேயில்லை. கேட்டவர்களிடம் சுட்டுவிட்டது என்றாள், சோற்றை இடது கையில் கரண்டி பிடித்துத் தின்றாள், மடக்கிய முட்டியைச் சுற்றி எந்நேரமும் நாலைந்து ஈ பறந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் பிள்ளை அவளை யாரோ ஒரு ஆள் என்றது.

ஊர் இந்த விஷயத்தைத் தன்னால் முடிந்த அளவு நன்றாகவே எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தாசம்மாள் சோப்பு மாற்றிப் பார்க்கச் சொன்னாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கொஞ்சம் குறைவா இருக்கு, வாசம் சுத்தமா இல்ல" என்று சொல்லி முப்பது இரும்பு மாத்திரை கொடுத்தாள். உபதேசியார் தலையில் கைவைத்து ஜெபித்தார். பெண்கள் ஆளுக்கொரு உடுத்த சேலை கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒன்றில் பவுடர் வாசம், ஒன்றில் மீன்குழம்பு வாசம், ஒன்றில் ரப்பர்ப்பால் வாசம். கொடியில் கிடக்கும்வரை மணத்தது, அவள் உடுத்தியதும் வாசமெல்லாம் உதிர்ந்து போய்விட்டது. இருட்டின பிறகு பஸ்ஸில் அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கிற இடம் காலியென்று நினைத்து ஜனங்கள் அவள் மடியில் வந்து உட்கார்ந்தார்கள். ஆடு கறக்க விடவில்லை. பெரியவர்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை, அவர்கள் முகத்தையும் குரலையும் வைத்து ஆளை அறிகிறவர்கள். பால்பல் விழாத பிள்ளைகளுக்குத்தான் அவளைத் தெரியவில்லை, அவர்கள் மூக்கால் அறிகிறவர்கள். அதனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் போகும்போது அவள் இருமிவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. "எனக்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு வரம் வந்தா குருசடியில நூறு மெழுகுதிரி ஏத்துவேன்" என்று தாசம்மாள் சொன்னதற்குக் கிணற்றடி முழுக்கச் சிரித்தது. விஜிலாவும் சிரித்தாள். சிரித்தபடியே குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, வாழைக்குப் பின்னால் நின்று அழுதாள்.

ஏனென்றால் அவளுக்குக் காரணம் தெரியும். அயனி மரத்து மூட்டுப் பெட்டியில் அவள் முறைப்படி கூண்டில் வைத்த புது ராணி, கதவு திறந்த அன்றைக்கே பந்துகட்டிக் கொல்லப்பட்டு வாசல் பலகையில் கிடந்தாள். இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டபோது, "வேண்டாம் மக்களே, அதுகளுக்கு மனசு வரல்ல" என்றாள் சுகந்தபாய். ராணியில்லாத பெட்டி நாளுக்குநாள் இளைத்தது. மைனி வழக்கம்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், பிள்ளையும் அவள் மடியில் உட்கார்ந்தது, பறக்கிற ஈ தினமும் குறைந்தது. அதை அடுக்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பது விஜிலாவுக்கு வேலையாகிப்போனது.

நாலாம் ஞாயிறு அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்றபோது, இருமாமல், சொல்லாமல், பின்னாலிருந்து போய் ஆன்சியை அள்ளித் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அம்மாவாக்கும்டி, பாரு, அம்மா" என்றாள். ஆன்சி அலறவில்லை. உதட்டை மூடிக்கொண்டு, ம்ம்ம் என்று இரைந்தாள். அந்த இரைச்சல் கேட்டு, முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த பால்பல் பிள்ளைகள் பதினேழு பேரும் நின்றார்கள், திரும்பினார்கள், வந்தார்கள். ஒரு பிள்ளை காலைப் பிடித்தது, ஒன்று இடுப்பைப் பிடித்தது, ஒன்று முதுகில் ஏறியது, இடைவெளியில்லாமல் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அடிக்கவில்லை, கடிக்கவில்லை, ம்ம்ம் என்று இரைந்துகொண்டு வெறுமனே பிடித்துக்கொண்டார்கள். சூடு ஏறியது. குருசடிச் சிலுவைக்கு முன்னால் ஏற்ற வைத்திருந்த மெழுகுதிரி விஜிலாவின் இடது கையில் வளைந்து தொங்கியது. அவளுக்கு மூச்சு அடைத்தது, ஆனாலும், "இது எனக்கு வேணும்" என்று அந்தச் சூட்டுக்குள் ஒரு நினைப்பு வந்தது.

"புகைபோடுங்கலே! எவனாவது புகை கொண்டு வாங்கலே!" என்று கத்தியது தேனீ வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் குருசுமுத்து. தேங்காய் உரித்துப்போட்ட கதம்பல் மட்டையைக் கொளுத்தி நாலு பக்கமும் புகை விட்டார்கள். பிள்ளைகள் இருமிக்கொண்டு ஒவ்வொருவராக உதிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோல விளையாடப் போனார்கள். ஆன்சியை வாங்கிக்கொண்டது சுகந்தபாய்.

அங்கேயே, மாமரத்து மூட்டில், சங்கம் கூடியது.

"எல்லாவனுக்கும் சொல்லித் தாற பிள்ள நீ" என்றார் குருசுமுத்து. "கூண்டு போடாம ராணிய விட்டா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

"நான் புது ராணியா அண்ணாச்சி? பெத்தவளாக்கும்."

"வாசம் இல்லாட்டா எல்லா ராணியும் புது ராணிதான் மக்களே."

ஜஸ்டஸ் வீட்டில் கம்பி அழி அடைத்த முன்வராந்தா இருக்கிறது, அதுதான் கூண்டு என்று முடிவாயிற்று. கதவின் அடிப்பலகையைக் கழற்றி, ஒரு பிள்ளை தவழ்ந்து நுழைகிற அளவு வழி விட்டு, அதைச் சீனிமாவால் அடைப்பது. எட்டுக் கிலோ சீனியைப் பொடித்தார்கள். தேன் எந்தத் தேன் என்று கேள்வி வந்தபோது, அந்த வீட்டுப் பெட்டித் தேன்தான் ஊற்ற வேண்டும், அப்போதுதான் வாசம் சேரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுகந்தபாய் போய், அழிந்துகொண்டிருந்த தன் பெட்டியில் மிச்சம் இருந்த தேனையெல்லாம் பிழிந்து கொண்டுவந்தாள். "இவ்வளவு இனிப்பைப் பிள்ளைகள் தின்னா வயித்துல பூச்சி வருமே" என்றாள் தாசம்மாள். "மருந்து நான் தாறேன், நீ பிசை" என்றாள் நர்ஸ்.

பிசைந்துகொண்டிருக்கும்போது குருசுமுத்து பழக்கத்தில், "முதல்ல பழைய ராணிய..." என்று தொடங்கி, சட்டென்று இருமினார். எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். ஏனென்றால் பழையது உள்ளே இருந்தால் புதியது ஏறாது, ஈக்கள் அதை ஏற்றுக்கொள்ளாது, அது முதல் பாடம், ஆனைக்கல்விளையில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுகந்தபாய் மட்டும், பிசைந்த மாவை உருட்டி வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, உள்ளே போனாள். கட்டிலுக்கு மேலே ஆணியிலிருந்து பையை எடுக்கிற சத்தம் வெளியே கேட்டது.

விஜிலாவைக் கூண்டில் வைத்தார்கள். வராந்தாவுக்குள் ஒரு பாயும் ஒரு குடம் தண்ணீரும், அறைக்குப் போகிற உள்கதவுக்கு ஒரு பூட்டும், வெளியே போகிற கதவின் அடியில் ஒரு முழம் கனத்துக்கு வெள்ளைச் சீனிமாவும். முதல் நாள் ஆன்சி முற்றத்து நடுவில் நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை. மற்றப் பிள்ளைகள் வந்தார்கள். நக்கினார்கள், நகத்தால் கீறினார்கள், ஓர் எறும்புக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஜஸ்டஸ் ரப்பர்ப்பால் வாளியோடு வந்து அழிக்கு வெளியே நின்று, "என்னட்டி, கூண்டு சௌகரியமா இருக்கா?" என்று கேட்டான், "வேலையில்லாம உக்காந்து திங்க இப்பந்தான் குடுத்துவச்சிருக்கு" என்று அவளும் சொன்னாள், இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டாம் நாள் ஆன்சி வந்தாள். மாவில் வாயை வைத்துக் கடித்தாள். மாவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது விஜிலாவுக்குக் கேட்டது. ஒரு முழ மாவு அரை முழமாயிற்று. அன்றைக்குத்தான், அழியின் வழியே, நாற்காலிக்குக் கீழே சுகந்தபாயின் துணிப்பை நிறைந்து கட்டப்பட்டு இருப்பதை விஜிலா பார்த்தாள். நாளைக் காலை பஸ்ஸுக்குக் களியக்காவிளையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். தம்பி கேட்டதற்கு, "பிள்ளைக்கு அம்ம வேணும் மக்கா" என்று மட்டும் சொன்னாளாம்.

விஜிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். புரட்டாசிக் காய்ச்சலிலிருந்து அவள் மனசு கேட்டது இதைத்தான். யாரும் போகச் சொல்லவில்லை, நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளாகத்தானே போகிறாள் என்று நினைத்தாள்; நினைத்த உடனே அது எந்தச் சொல் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆயிரம் பெட்டியில் குனிந்து சிரித்துக்கொண்டே சொன்ன சொல்தான் அது. மடக்கிய முட்டிக்குள் பெருவிரல் சுட்டது.

மூன்றாம் நாள் காலை, மாவு ஒரு அப்பத்தின் கனத்துக்கு வந்திருந்தது, வெளிச்சம் அதன் வழியே மஞ்சளாகத் தெரிந்தது. பாதி ஊர் முற்றத்தில் நின்றது. சுகந்தபாய் வெள்ளைச் சேலை உடுத்தி, பையைத் தோளில் போட்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, அழிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"வாறேன் மக்களே. அவளுக்குப் புட்டுல வாழைப்பழம் பிசையாம குடுக்காத, முழுங்கமாட்டா."

"மைனி, போவாண்டாம்."

"சும்ம இரி. கூண்டுக்குள்ள இருக்கிறவ பேசப்பிடாது."

"மைனி, அந்த ராணிக்கு வயசாகல்ல."

சுகந்தபாய்க்குப் புரியவில்லை. "எந்த ராணிக்கு?"

"அயனி மூட்டுப் பெட்டியில உள்ளது. ஆறு மாசந்தான். நான் கண்டதுல அதுதான் நல்ல ராணி. குஞ்சு நிக்காதுன்னு சொன்னது பொய்யாக்கும்."

முற்றத்தில் யாரோ, "ஏசுவே" என்றார்கள். சுகந்தபாய் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"எதுக்கு?"

"காய்ச்சல்ல கண்ணு முழிச்சப்பம் பிள்ள உங்கள அம்மான்னு கூப்பிட்டா."

சுகந்தபாய் அயனி மரத்தின் பக்கம் திரும்பினாள். அயனி மரத்துப் பெட்டியிலிருந்து இரைச்சல் வருகிறதா என்று கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து நின்றாள். அந்தப் பெட்டியில் இப்போது இரைச்சல் கிடையாது.

"அன்னைக்கு உனக்கப் பக்கத்துல நின்னு புகைபோட்டேன் நான்" என்றாள்.

"ஆமா மைனி."

"முகத்தத் திருப்பிக்கிட்டு, கை நிக்காம, நீ செய்யுறதுக்குத் தோதா புகைபோட்டேன்."

விஜிலா இடது கையால் அழியைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லியாகிவிட்டது.

சுகந்தபாய் பையைத் தோளிலிருந்து இறக்கி, நாற்காலியின் மேல் வைத்தாள். "அப்படீன்னா நான் போவமாட்டேன்" என்றாள். "நான் போனா நீ செஞ்சது நடந்துபோச்சுன்னு ஆயிரும். நல்லா இருந்தவள வயசாயிட்டுன்னு சொல்லி எடுத்தாச்சுன்னு ஆயிரும். நான் இங்கதான் இருப்பேன். நீ தினமும் எனக்க முகத்தப் பாக்கணும்."

"பழையது இருந்தா..." என்று குருசுமுத்து மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி," என்றாள் சுகந்தபாய், "நான் ஈ இல்ல."

ஊர் தலையை ஆட்டியது. இது ஏறப்போவதில்லை, மூன்று நாள் சீனி வீணாகிவிட்டது என்று தாசம்மாள் பக்கத்தில் நின்றவளின் காதில் சொன்னாள். அதற்குள், பெரியவர்களின் பேச்சில் அக்கறையில்லாத ஆன்சி, குனிந்து மாவின் கடைசிப் பொருக்கைக் கடித்துத் தின்றுவிட்டாள். கதவு திறந்துவிட்டது. தலை நுழைந்தது, தோள் நுழைந்தது, கன்னமெல்லாம் சீனிப் பிசினோடு பிள்ளை வராந்தாவுக்குள் தவழ்ந்து வந்து, இரண்டு முழம் தூரத்தில் நின்று மோந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி மோந்தது. உதட்டை மூடிக்கொண்டது. ம்ம்ம் என்ற இரைச்சல் அதன் தொண்டையில் ஏறுவதை எல்லோரும் கேட்டார்கள். வெளியே பதினேழு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கதம்பலை எடுக்க ஓடினான்.

விஜிலா அழவில்லை, கூப்பிடவில்லை. ஒளித்துவைக்க இனி ஒன்றும் இல்லை என்பதால், ஒரு மாசத்துக்குப் பிறகு வலது கையைத் திறந்தாள். மரத்துப்போன விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, கடைசியில் பெருவிரல். திறந்த கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்பதுபோல.

இரைச்சல் நின்றது. பிள்ளை மூக்கை நீட்டியது. ஓர் அடி வந்தது, இன்னொரு அடி வந்தது, அந்தப் பெருவிரலை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு சேர்த்து இழுத்து மோந்தது. மெழுகும் தேனும் கலந்த அந்தச் சூடான காற்று, சாயங்காலமெல்லாம் தூங்கிய காற்று, பெட்டியிலிருந்து போனபிறகு ஊரில் வேறெங்கும் இல்லாத காற்று, அந்த ஒரு விரலில் இருந்தது.

"மாமிக்கப் பெட்டி" என்றாள் ஆன்சி. மடியில் ஏறினாள், விரலை விடாமல், தலையை மார்பில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தூக்கம் வந்த குரலில், யாரிடம் என்றில்லாமல், "அம்மா" என்றாள்.

வெளியே எல்லோரும் கைதட்டினார்கள். ரெண்டு ராணி இருக்கிற பெட்டி என்று அந்த வீட்டுக்கு அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டார்கள், அப்படிப் பெட்டி எங்கோ ஒன்று அபூர்வமாக உண்டு என்று குருசுமுத்து எல்லோருக்கும் விளக்கினார். விஜிலா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தன் மார்பில் கிடக்கிறது, ஆனால் தன்னை மோந்து வந்ததல்ல, தான் கொன்றவளை மோந்து வந்தது. இனி ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் முதலில் இந்த விரலைத்தான் தேடும். அழிக்கு வெளியே சுகந்தபாய் பையை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, உள்ளே போகிற வழியில் அழிக்குப் பக்கத்தில் நின்று, தூங்குகிற பிள்ளையையும், பிள்ளையின் கைக்குள் இருந்த விரலையும் பார்த்தாள்.

"அந்த விரல சோப்பு போட்டுக் கழுவிராத" என்றாள்.